ஃபாலுன் காங்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சீனாவின் சமயக் கொள்கை பற்றிய கட்டுரையில் ஃபாலுன் காங்கை ‘ஒடுக்கப்பட்ட இயக்கம்’ என்று எழுதியிருந்தீர்கள். நோய்க்கு முன்வினையே காரணம் என்றும், வேற்றுக்கிரகவாசிகள் அறிவியலின் வழியாக மனிதனை ஆட்கொள்கிறார்கள் என்றும் போதிக்கும் ஒருவரின் பின்னே செல்பவர்களுக்காக நாம் ஏன் பரிந்து பேச வேண்டும்? மூடநம்பிக்கையை ஓர் அரசு தடுத்தால் அதில் என்ன தவறு?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

இயக்கத்தை நிறுவிய லி ஹொங்ஜியின் போதனைகளில் நீங்கள் சுட்டுபவை உண்மையிலேயே உள்ளன. ஓரினச் சேர்க்கை பற்றியும் கலப்பினக் குழந்தைகள் பற்றியும் அவர் சொன்னவற்றை என்னால் ஏற்கவே முடியாது. ஆனால் சீன அரசு இவற்றுக்காகத்தான் அந்த இயக்கத்தைத் தடைசெய்தது என்று கொள்வதற்கு வரலாறு இடம் தரவில்லை.

1992 மே மாதம் சாங்சுன் நகரில் அவர் பயிற்சியளிக்கத் தொடங்கியபோது, சீகோங் எனப்படும் மூச்சு, உடற்பயிற்சி முறைகளை அரசே ஊக்குவித்துவந்தது; சீகோங் ஆராய்ச்சிச் சங்கம் அவரையும் சேர்த்துக்கொண்டது. ஃபாலுன் என்பது நம் தர்மசக்கரம் என்ற சொல்லின் சீன வடிவம்தான். ஐந்து பயிற்சிகளில் ஒன்றில், ஒரு சக்கரத்தை அணைத்துப் பிடித்திருப்பதுபோலக் கைகளை வளைத்து உயர்த்தி, கண்களை மூடி நெடுநேரம் அசையாமல் நிற்க வேண்டும். அரசு ஆலைகள் தந்துவந்த மருத்துவ வசதி சுருங்கிவந்த காலத்தில், ஓய்வுபெற்றவர்கள் அதிகாலையில் பூங்காக்களில் இப்படித் திரண்டு நின்றதை அதிகாரிகள் முதலில் வரவேற்கவே செய்தார்கள். 1996இல் லி அந்தச் சங்கத்திலிருந்து விலகினார். அதே ஆண்டில் அவருடைய நூலை வெளியிடத் தடை வந்தது. பயிற்சி செய்பவர்கள் 7 கோடிப் பேர் என்று அரசுத் தரப்பை மேற்கோள் காட்டியே 1999இல் செய்திகள் வந்தன. ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் உறுப்பினர்களோ 6 கோடியைச் சற்றே தாண்டியிருந்தார்கள். மஞ்சள் தலைப்பாகைக் கலகம் முதல் தைப்பிங் எழுச்சி வரை, நம்பிக்கையின் பெயரால் திரண்டவர்கள் அரசகுலங்களை உலுக்கிய நாடு அது என்பதையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1999 ஏப்ரலில் இயற்பியலாளர் ஹே சுவோசியு, தியான்ஜின் நகரின் ஓர் இதழில் இந்த இயக்கத்தைக் கண்டித்து எழுதினார். அப்படி எழுத அவருக்கு முழு உரிமை உண்டு. அதை எதிர்த்துத் திரண்டவர்களில் சிலர் கைதானார்கள். ஏப்ரல் 25 அன்று சுமார் 10,000 பேர் பெய்ஜிங் வந்து, தலைவர்கள் வாழும் ஜோங்நான்ஹாயை ஒட்டிய ஃபூயூ தெரு நடைபாதையில் வரிசையாக நின்றார்கள். முழக்கமோ பதாகையோ இல்லை. சிலர் தரையில் அமர்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். பிரதமர் ஷு ரோங்ஜி வெளியே வந்து அவர்களின் பிரதிநிதிகளிடம் பேசினார். இரவில் குப்பையைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கலைந்தார்கள். ஓசையே இல்லாமல் இத்தனை பேரை ஓரிடத்தில் கொண்டுவந்து நிறுத்த முடிந்ததே, அந்த ஒழுங்குதான் அன்றைய அதிபர் ஜியாங் ஜெமினை அச்சுறுத்தியது என்பது என் கணிப்பு. அன்றிரவே அவர் கட்சித் தலைமைக்குக் கடிதம் எழுதினார். ஜூன் 10 அன்று இதற்கென்றே ஓர் அலுவலகம் உருவானது. அந்தத் தேதியே அதன் பெயராகி, 610 அலுவலகம் என்று வழங்கியது. ஜூலை 22 அன்று தடை வந்தது. ‘தீய வழிபாட்டு அமைப்புகள்’ குறித்த மக்கள் காங்கிரஸ் என்னும் சீன நாடாளுமன்றத்தின் நிலைக்குழு தீர்மானமோ அக்டோபர் 30 அன்றுதான் நிறைவேறியது.

அதன்பின் நடந்ததைத் ‘தடுத்தல்’ என்ற சொல்லில் அடக்கிவிட முடியாது. விசாரணையின்றி உழைப்பு முகாம்களில் அடைத்தார்கள். இனிப் பயிற்சி செய்ய மாட்டேன் என்று எழுதித் தரும்வரை வதைத்தார்கள். பலர் காவலிலேயே இறந்தார்கள். கைதிகளின் உடலுறுப்புகள் பறிக்கப்பட்டன என்று 2019இல் லண்டனில் பிரிட்டிஷ் வழக்கறிஞர் ஜெஃப்ரி நைஸ் தலைமையிலான சுயேச்சைக் குழு முடிவுசெய்தது. சீன அரசு அதை மறுக்கிறது.

இயக்கத்தினர் அமெரிக்காவில் நடத்தும் ‘எபோக் டைம்ஸ்’ செய்தித்தாள், கொரோனா பற்றியும் தேர்தல் பற்றியும் ஆதாரமற்ற செய்திகளைப் பரப்பியது. அதையும் கண்டிக்கவே செய்வேன். ஆனால் ஹே சுவோசியு போலக் கட்டுரை எழுதி மறுப்பது ஒன்று, ஒரு முதியவர் முன் தாளை நீட்டி, கையெழுத்துப் போடும்வரை உறங்கவிடாமல் நிற்கவைப்பது வேறொன்று. அந்தத் தாளில் கையெழுத்திட மறுத்தவர்களை மனத்தில் வைத்தே ‘ஒடுக்கப்பட்ட’ என்று எழுதினேன். அச்சொல் அப்படியே இருக்கட்டும்.