இடிக்கும் முன் கேளுங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஒழுங்கையில் விறாந்தை வைத்த பழைய ஓட்டு வீடுகள் நாலைந்துதான் மிச்சம். "அபிவிருத்தி வந்தால் போகப்போகிற வீடுதானே, ஏன் செலவழித்துத் திருத்துகிறீர்கள்?" என்று அயலவர்கள் கேட்கிறார்கள். நகரத் திட்டமிடலில் இப்படிப்பட்ட வீடுகளுக்கு இடம் உண்டா ஐயா?
- வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: உண்டு சகோதரி. ஆனால் திட்டம் வரைபடமாவதற்கு முன்பே கேட்க வேண்டும். கோடு கீறி, காசு ஒதுக்கிய பிறகு போய் நின்றால் அனுதாபம்தான் கிடைக்கும்.

உங்கள் பகுதியையே பாருங்கள். 1757இல் திறந்த வுல்பெண்டால் தேவாலயம் ஒரு பக்கம். பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எழுப்பிய கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசர் கோயில் இன்னொரு பக்கம். இவற்றில் கைவைக்க எவரும் துணியமாட்டார்கள். இடையில் இருக்கிற ஒழுங்கைகளுக்குத்தான் பேச ஆள் இல்லை. பூக்காரர், மணியோசை கேட்டு எழும்புகிற குடும்பங்கள், விறாந்தையில் நின்று சுவாமி பார்க்கிற கிழவிகள் எல்லாரும் போனபின் கோயில் மட்டும் நின்று என்ன பயன்? பேணுவது என்றால் சுவரோடு சேர்த்து ஆட்களையும் பேணுவது என்றுதான் நான் நினைக்கிறேன்.

கொழும்புக் கோட்டையில் இருக்கிற ஒல்லாந்தர் ஆஸ்பத்திரி 17ஆம் நூற்றாண்டுக் கட்டடம். 1996 மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் சேதப்பட்டதைத் திருத்தி, 2011இல் உணவகங்களும் கடைகளுமாகத் திறந்தார்கள். நல்ல வேலை, மனதார மெச்சுகிறேன். ஆனால் அங்கே குடியிருந்தவர் எவருமில்லை, அதனால் அது சுலபமான கணக்கு. காலிக் கோட்டை 1988இல் உலக மரபுரிமைத் தலமானது. வீடுகள் அழகாக நிற்கின்றன. பல பழைய குடும்பங்கள் விற்றுவிட்டுப் போய், அந்த வீடுகள் ஹோட்டல்களாகிவிட்டன. கொட்டாஞ்சேனைக்கு அது வேண்டாம்.

சரி, நீங்கள் செய்யக்கூடியது என்ன? தனி வீடாகப் போகாதீர்கள், ஒழுங்கையாகப் போங்கள். ஒவ்வொரு வீட்டின் உறுதி, பழைய சோலைவரிச் சீட்டு, கலியாணப் படங்களில் பின்னால் தெரிகிற முகப்பு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேருங்கள். 100 ஆண்டு கடந்த கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவிக்கத் தொல்பொருள் சட்டத்தில் வழி உண்டு. அப்படி அறிவித்தால் பிறகு ஓர் அறை கூட்டிக் கட்டவும் அனுமதி கேட்க வேண்டிவரும், அதையும் வீட்டார் எல்லாரும் கூடிப் பேசி முடிவெடுங்கள். கோப்பின் பிரதிகளை மாநகர சபைக்கும் நகர அபிவிருத்தி அதிகார சபைக்கும் கொடுத்து, கிடைத்ததென்று கையெழுத்து வாங்குங்கள். அந்தக் கையெழுத்து முக்கியம்.

கேள்வி: பழைய சுவரில் ஈரம் ஏறிப் பூச்சு உதிர்கிறது. சீமெந்து பூசலாமா?
- வாசகர், மட்டக்குளி

பதில்: தயவுசெய்து வேண்டாம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். சீமெந்து அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் உள்ளே தங்கி, உப்புப் பூத்து, செங்கல்லே மாவாகக் கொட்டும். சீமெந்துப் பூச்சு ஏற்கெனவே இருந்தால் மெதுவாகக் கொத்தி எடுத்து, சுவரை நன்றாகக் காயவிட்டு, சுண்ணாம்பும் மணலும் கலந்து பூசுங்கள். அதற்கு முன்னால் பீலி ஒழுகுகிறதா என்று ஒருதரம் ஏறிப் பாருங்கள்.