பாக்கெட்டின் பின்பக்கம்: புதுவகை நொறுக்குத்தீனி குறித்த கேள்வி பதில்

சிப்ஸ், மிக்சருக்கு மாற்று என்று கடைகளில் வந்து குவியும் 'ஆரோக்கிய' பாக்கெட்டுகளைப் பற்றி உறுப்பினர்கள் கேட்டிருந்தார்கள். நொறுக்குத்தீனி ஆலைகளில் தரக்கட்டுப்பாடு பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (கோவை): வெண்டைக்காய் சிப்ஸ் பச்சைப் பசேலென்று இருக்கிறதே, சாயம் கலக்கிறார்களா சார்?

பதில்: அதற்குத் தேவையே இல்லை. மூடிய கலனிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுப் பொரிக்கிறார்கள். அழுத்தம் குறைந்தால் காய்க்குள் இருக்கும் தண்ணீர் 100 டிகிரிக்கு வெகு முன்பே ஆவியாகிவிடும். எண்ணெய்க்கு 180 டிகிரி சூடு வேண்டாம். 90 முதல் 120 டிகிரி போதும். அதனால் நிறம் கருகுவதில்லை. பொரித்து முடித்ததும் காற்றை உள்ளே விடாமலேயே கூடையை வேகமாகச் சுழற்றி எண்ணெயை உதற வேண்டும். அவசரப்பட்டுக் காற்றைத் திறந்துவிட்டால், மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயெல்லாம் சிப்ஸின் துளைகளுக்குள் புகுந்துவிடும். எவ்வளவு உதறினாலும் கொஞ்சம் எண்ணெய் தங்கத்தான் செய்யும். இதுவும் பொரித்த பண்டம்தான்.

இன்னொன்று. மொறுமொறுப்புக்காக மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்திலிருந்து எடுக்கும் பொடி) கரைசலில் ஊறவைப்பதும் உண்டு, குறிப்பாகப் பலாப்பழம், வாழைப்பழத்தை. பாக்கெட்டின் சத்து அட்டவணையில் அது சர்க்கரைக் கணக்கில் வராது. ரத்தத்தில் மட்டும் சர்க்கரை போலவே விறுவிறுவென்று ஏறும். நீரிழிவுக்காரர்கள் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள்.

கேள்வி (சேலம்): எடை குறைக்க மக்கானா சாப்பிடுகிறேன். முள் அசையவே மாட்டேன் என்கிறது.

பதில்: வெறும் மக்கானாவா, மசாலா போட்டதா என்று நீங்கள் சொல்லவில்லையே அம்மா! மக்கானா என்பது வடபீகார்க் குளங்களின் சேற்றிலிருந்து ஆட்கள் மூழ்கி அள்ளும் அல்லி இனச் செடியின் விதை. வறுத்து, ஆறவிட்டு, மறுபடி வறுத்து, சூடு ஆறுமுன் மரச்சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினால் வெள்ளையாக வெடிக்கும். விலை அதிகமாக இருப்பதற்கு இந்தக் கைவேலை ஒரு காரணம். 2022இல் மிதிலை மக்கானாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வெறும் மக்கானாவில் கொழுப்பு மிகக் குறைவு. ஆனாலும் 100 கிராமுக்கு 350 கலோரி அளவில் இருக்கிறது, அரிசியைப் போலத்தான். சீஸ், பெரிபெரி (மிளகாய்க் காரம்) என்ற சுவைகளில் வருகிறவற்றில் மசாலாப் பொடி ஒட்ட வேண்டுமானால் முதலில் எண்ணெய் தெளித்தாக வேண்டும். வெறும் மக்கானாவை வாங்கி வீட்டில் மிளகுத்தூள் போட்டு வறுத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தில் அளந்து எடுங்கள். காற்றாக இருப்பதால் கை நிற்காது.

கேள்வி (திருச்சி): சிறுதானிய பிஸ்கட் என்றால் முழுக்கச் சிறுதானியமா?

பதில்: எடை அதிகமுள்ள பொருளைத்தான் பட்டியலில் முதலில் எழுத வேண்டும் என்பது விதி. அங்கே மைதா உட்கார்ந்திருந்தால் கதை முடிந்தது. முன்பக்கத்தில் கம்புக்கதிர் படம் போட்டால் கம்பு எத்தனை சதவீதம் என்றும் எழுதியாக வேண்டும். 2023 சர்வதேசச் சிறுதானிய ஆண்டுக்குப் பிறகு ஒவ்வொரு பிஸ்கட் உறையிலும் ஒரு கதிர் முளைத்திருக்கிறது. சதவீதத்தைப் பாருங்கள், படத்தை அல்ல.

கேள்வி (சென்னை): 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்று போட்ட பேரீச்சம்பழ பாரைப் பிள்ளைக்குத் தினமும் தரலாமா?

பதில்: பேரீச்சம்பழத்திலேயே மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைதானே! நார்ச்சத்து இருக்கிறது, சரி. மிட்டாய்க்கு இது மேல். ஆனால் பல்லில் அப்பிக்கொள்ளும். எப்போதாவது கொடுங்கள், வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (மதுரை): இந்துப்பு போட்ட சிப்ஸ் ரத்த அழுத்தத்துக்கு நல்லதாமே?

பதில்: இல்லை. அதுவும் சோடியம் குளோரைடுதான். பாக்கெட்டில் உள்ள சோடியத்தை இரண்டரையால் பெருக்குங்கள்: 800 மில்லிகிராம் என்றால் 2 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்வது 5 கிராமுக்குள். 'ஒரு முறைக்கு 20 கிராம்' என்ற கணக்கில் ஏமாறாதீர்கள். 80 கிராம் பாக்கெட்டைப் பிரித்துவிட்டுக் காற்பங்கோடு நிறுத்துகிறவரை நான் பார்த்ததில்லை.

கேள்வி (சிங்கப்பூர்): இங்கே பூச்சித் தின்பண்டத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். சாப்பிட்டுப் பார்க்கலாமா அண்ணா?

பதில்: 2024 ஜூலையில் 16 வகைப் பூச்சிகளை அனுமதித்தார்கள், காட்டில் பிடித்தவை கூடாது, பண்ணையில் வளர்த்தவை மட்டும். வறுத்த வெட்டுக்கிளியில் புரதம் நன்றாகவே உண்டு. அருவருப்பு உங்கள் சொந்த விஷயம், அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர் என்றால் தொடவே தொடாதீர்கள். இறாலில் ஒவ்வாமையைக் கிளப்பும் அதே வகைப் புரதம் பூச்சியிலும் இருக்கிறது, வறுத்தாலும் போகாது.