பிரிக்காத ஐந்து ரோல்கள்தான் உங்கள் சாட்சி

கேள்வி: கொடைக்கானலில் வசிக்கும் ஓய்வுபெற்ற அரசு ஊழியர் நான். பழைய நாணயம் சேர்ப்பதில் ஆர்வம் உண்டு. கீழே ஊரில் கடை வைத்திருக்கும் நாணய வியாபாரி ஒருவர், “கொடைக்கானல் அமெரிக்க மிஷனரி வீட்டுச் சரக்கு. 1930-களில் அமெரிக்க பேங்க் சுற்றிக் கொடுத்த ஒரு சென்ட் ரோல். உள்ளே ஐம்பதும் 1931 எஸ்” என்று வாட்ஸப்பில் படத்தோடு அனுப்பினார். (எஸ் என்பது சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையின் அடையாள எழுத்து.) ரோல் 18,000 ரூபாய் வீதம் ஆறு வாங்கினேன். பிரித்தால் மதிப்பு போய்விடும் என்றார். மனசு கேட்காமல் போன வாரம் ஒன்றைப் பிரித்தேன். இரண்டு முனையிலும் 1931 எஸ். நடுவில் எல்லாம் தேய்ந்த காசு, பலவற்றில் 1960-கள், 70-களின் ஆண்டு. கேட்டால், “நீங்களே மாற்றியிருப்பீர்கள். பிரித்ததைத் திரும்ப எடுப்பதில்லை என்று ரசீதிலேயே போட்டிருக்கிறது” என்கிறார். என் 1,08,000 ரூபாய் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது ஐயா. அதற்கு முதல் நிபந்தனை, மீதி ஐந்து ரோல்களை நீங்களும் பிரிக்கக் கூடாது, அவரிடமும் திருப்பிக் கொடுத்துவிடக் கூடாது. காசை நீங்கள் மாற்றிவிட்டதாக அவர் சொல்லும் கதை பிரித்த ரோலோடு நின்றுவிடும். பிரிக்காத ஐந்திலும் அதே சங்கதி இருந்தால் அவரால் வாய் திறக்க முடியாது.

உங்கள் நிலையில் இருப்பவர்கள் “ரோல் போலி” என்று நிரூபிக்கத்தான் முதலில் ஓடுவார்கள். நான் அந்த வழியில் வழக்கைக் கட்ட மாட்டேன். பழைய பேங்க் காகிதம் அசலாகவே இருக்கலாம். அதற்குள் வேறு காசை வைத்து, இரண்டு முனையில் மட்டும் நல்ல காசைப் பதித்து மறுபடி மடிக்க முடியும். அதனால் காகிதம் அசல் என்று தெரிந்தாலும் உங்களுக்குப் பயனில்லை. விற்றவர் எழுதிய வாக்கியம் உங்கள் போனில் இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 15-ஆம் பிரிவின்படி, விவரித்து விற்ற பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்தியே ஆக வேண்டும். “ஐம்பதும் 1931” என்ற ரோலில் 1965 இருந்தால் அதற்கு மேல் வாதம் வேண்டியதில்லை.

ஆனாலும் ஐந்து ரோல்களையும் பிரிக்காமலே சில விஷயங்களைப் பார்த்துக் குறித்து வைக்கலாம். கையிலெடுத்து, நல்ல வெளிச்சத்தில், காகிதத்தில் அச்சிட்டிருப்பதை ஒரு எழுத்து விடாமல் படியுங்கள். பேங்க் முகவரியோடு ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1930-கள் என்ற பேச்சு அங்கேயே உடைந்தது. அமெரிக்காவில் அந்தக் குறியீடே 1963-இல்தான் வந்தது. கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கு பக்கத்துக் கடையில் இருக்கும். அதன் கீழ் காகிதம் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் சந்தேகப்படுங்கள். காகிதத்துக்கு அப்படி வெண்மை ஊட்டும் ரசாயனம் பரவலானது 1950-களை ஒட்டித்தான். அடுத்தது முனைக் காசு. பல பத்தாண்டு மடித்தபடி கிடந்த ரோலில், காற்றுப் பட்ட நடுவட்டம் கறுத்திருக்கும், மடிப்பு மூடிய ஓரம் வெளிர்ந்திருக்கும். கறுப்பு முடியும் கோடும் மடிப்பின் விளிம்பும் பொருந்தாமல் விலகி நின்றால், அந்தக் காசு வேறெங்கோ கறுத்து, பிறகு இங்கே வந்து உட்கார்ந்தது.

எடையும் போடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். பழைய செம்புச் சென்ட் ஒன்று 3.11 கிராம், ஐம்பதுக்கு 155.5 கிராம், காகிதம் தனி. 1982-இல் வந்த துத்தநாகச் சென்ட் 2.5 கிராம்தான், ஐம்பதுக்கு 125. நகைக்கடைத் தராசில் எடை நன்றாகக் குறைந்தால் புதிய காசு கலந்திருக்கலாம். சரியாக இருந்தால் ஒன்றும் நிரூபணமாகாது, ஏனென்றால் உங்களுக்கு வந்த 60-கள், 70-களின் காசும் 3.11 கிராமே.

எதிர்த்தரப்பு வக்கீல் விலையைப் பிடித்துக்கொள்வார். சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலை 1931-இல் அடித்த சென்ட் 8,66,000 மட்டுமே. ஒற்றைக் காசே சில ஆயிரம் போகும்போது ஐம்பது காசு 18,000-க்கு எப்படி வரும், விவரம் தெரிந்த உங்களுக்கு இது புரியாதா என்பார். இந்தக் கேள்வி வலிக்கும். ஆனால் சட்டம் இங்கே உங்களுக்குத் துணை நிற்கிறது. ஒப்பந்தச் சட்டம் 19-ஆம் பிரிவில் ‘கவனமாக இருந்திருந்தால் கண்டுபிடித்திருக்கலாமே’ என்ற விதிவிலக்கு, தெரிந்தே சொன்ன பொய்யைக் காப்பாற்றாது. அதிலும், பிரித்துப் பார்க்காதே என்று சொன்னவரே அவர். மிஷனரி கதையைத் தனியாக நிரூபிக்க அலைய வேண்டாம். அமெரிக்க மிஷன்காரர்கள் 1845-லேயே இங்கே பங்களா கட்டினார்கள், 1901-இல் பள்ளி தொடங்கினார்கள். அதனால்தான் நம் மலையில் இந்தக் கதை சுலபமாக எடுபடுகிறது.

இந்த வாரமே செய்ய வேண்டியது, ஆறு ரோல்களையும் நிராகரிப்பதாகவும் பணத்தைத் திருப்பித் தரும்படியும் பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்டில் வக்கீல் நோட்டீஸ். நியாயமான காலம் கடந்தும் சும்மா இருந்தால், சரக்கை ஏற்றுக்கொண்டதாகச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். பணம் வராவிட்டால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு போடுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி வாங்கியவர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், வியாபாரியின் ஊருக்கு அலைய வேண்டாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. ஆய்வில்தான் தெரியும் என்றால் பொருளை முத்திரையிட்டுச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப அதே சட்டத்தின் 38-ஆம் பிரிவில் வழியுண்டு. ஐந்து ரோல்களும் ஆணையத்தின் முன்னிலையில் பிரிய வேண்டும் என்று மனுவிலேயே கேளுங்கள். ரசீதில் உள்ள ‘திரும்ப எடுப்பதில்லை’ என்ற வரி பொய் விவரத்துக்குக் கவசமாகாது.

ஒரே ஒரு இடம் கவனிக்க வேண்டும். மறுவிற்பனைக்கு வாங்கியவர் அந்தச் சட்டத்தில் நுகர்வோர் ஆக மாட்டார். நீங்கள் சேகரிப்புக்காக வாங்கியதை உள்ளபடி சொல்லுங்கள். விற்கத்தான் வாங்கினீர்கள் என்றால் அதை மறைக்காதீர்கள். சிவில் நீதிமன்றத்தில் பண வழக்காகப் போட்டுக்கொள்ளலாம்.

போலீஸ் புகார், இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 318-இன் கீழ் மோசடி என்று கொடுக்கலாம். தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததென்று காட்ட வேண்டியிருப்பதால், ஐந்து ரோல்களும் பிரிந்த பிறகு அது வலுவாக நிற்கும். வாட்ஸப் பதிவுகளை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63-ஆம் பிரிவின் சான்றிதழோடு அவற்றைத் தாக்கல் செய்வோம்.

முனையில் இருக்கும் 1931 காசுகளில் ‘எஸ்’ எழுத்து பின்னால் ஒட்டியதாகவும் இருக்கலாம். பூதக்கண்ணாடியில் எழுத்தின் அடியில் ஒட்டுக்கோடு தெரிகிறதா பாருங்கள். சந்தேகம் வந்த பிறகு நஷ்டத்தை ஈடுகட்ட வேறொருவருக்கு அசல் என்று தள்ளிவிட்டால், மோசடிப் புகார் உங்கள் மேலேயே திரும்பும். வழக்கு முடியும் வரை வியாபாரியின் ரசீதையும் பணம் அனுப்பிய பேங்க் ஸ்டேட்மென்டையும் ரோல்களோடு ஒரே உறையில் பத்திரமாக வையுங்கள்.