முகாம் அடியில் எவ்வளவு சூடு இருக்கிறது?

கேள்வி: ராணுவப் பொறியாளர் பிரிவில் ஓய்வு பெற்றவன் நான். லடாக்கில் இருந்தபோது சுமத்தாங், புகா வெந்நீர் ஊற்றுகளைப் பார்த்திருக்கிறேன். அமெரிக்கக் கடற்படைத் தளம் ஒன்றில் பூமியின் சூட்டிலிருந்தே மின்சாரம் எடுக்கிறார்களாமே! நம் முகாம்களுக்கு அது சரிவருமா என்று எப்படிக் கணிப்பது?

பதில்: நீங்கள் சொல்வது கலிஃபோர்னியாவின் சைனா லேக் தளம். அங்கே கோசோ என்ற புவிவெப்ப வயலில் 1987 முதல் மின் உற்பத்தி நடக்கிறது. நிறுவுதிறன் சுமார் 270 மெகாவாட். ஆனால் அந்த வயலின் அடிச்சூடு 200 டிகிரியைத் தாண்டும். அதை மனதில் வைத்துக்கொண்டு லடாக்கைப் பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

முதலில் முகாமுக்கு என்ன தேவை என்று பாருங்கள். ஜனவரியில் புகாரி அடுப்புக்கு எரியும் மண்ணெண்ணெய்தான் அங்கே பெரிய செலவு. அதாவது, முதல் தேவை வெப்பம். விநாடிக்கு 5 லிட்டர் வெந்நீரை 80 டிகிரியிலிருந்து 40 வரை ஆறவிட்டால் ஏறக்குறைய 840 கிலோவாட் வெப்பம் கிடைக்கும். அதே நீரில் மின்சாரம் எடுத்தால் 50 கிலோவாட் தேறுவதே பெரிய விஷயம். நானாக இருந்தால் பாசறைகளுக்குக் குழாய் போடுவதில்தான் தொடங்குவேன்.

அடுத்து அடிச்சூடு. புகா ஊற்றில் நீர் சுமார் 84 டிகிரி. ஆனால் 4,400 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 85-க்கே கொதித்துவிடும். அதனால் தெர்மாமீட்டர் அதற்கு மேல் எதையும் சொல்லாது. நீரில் கரைந்துள்ள சிலிகா (மணலில் இருக்கும் அதே பொருள்) சொல்லும்: பாறை எவ்வளவு சூடோ, அவ்வளவு அதிகமாகக் கரையும். மாதிரி பிடித்த கையோடு பத்து மடங்கு வாலைவடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்) கலந்து வையுங்கள். ஆறும்போது சிலிகா படிந்துவிட்டால் லேப் முடிவு சூட்டைக் குறைத்தே காட்டும்.

அப்புறம்தான் ஆழ்துளை. சூட்டை மட்டும் அளந்து திருப்திப்படாமல், சில வாரமாவது கிணற்றை ஓடவிட்டு நீர்வரத்து குறைகிறதா, குழாயில் சுண்ணாம்பு படிகிறதா என்று பார்க்க வேண்டும். பயன்படுத்திய நீர் திரும்பப் பூமிக்குள்ளேயே போக இன்னொரு கிணறும் கட்டாயம். 2022-ல் புகாவில் துளையிட்டபோது வெந்நீர் ஓடையில் கலந்து வேலையே நின்றது. அந்த ஓடையை நம்பி மேய்ச்சல்காரர்கள் இருக்கிறார்கள்.

கோடையில் மட்டும் அளந்துவிட்டு வராதீர்கள். பனி உருகிய நீர் ஊற்றில் கலக்கும். சூடும் குறையும், வரத்தும் கூடும். முகாம் நடுங்கும் ஜனவரியிலும் ஒருமுறை போய் அளந்து பாருங்கள்.