மிஷன் பீக் ஏற்றம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரை ஒட்டியுள்ள மிஷன் பீக்கின் உயரம் 2,517 அடி. ஸ்டான்ஃபோர்ட் அவென்யூவில் தொடங்கும் ஹிடன் வேலி பாதையைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

உச்சி மூன்று மைல்தானே, ஒரு மணி நேரத்தில் ஏறிவிடலாமா?

மைலை மட்டும் பார்க்காதீர்கள். 5 கி.மீ. நடைக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி என்பது மலையேறுபவர்களின் பழைய கணக்கு. இங்கே இரண்டும் உண்டு. ஆக, ஏற இரண்டு மணி நேரம், இறங்க ஒன்றரை. தீயணைப்பு வண்டி போகிற அளவுக்கு அகலமான மண் ரோடு என்பதால் சுலபமாகத் தெரியும். ஆனால் சராசரிச் சரிவே 12, 13 சதவீதம். உச்சியை நெருங்கும்போது பாதை குறுகிக் கரடுமுரடான பாறையாகிவிடும்.

எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

குளிர்காலத்தில் ஆளுக்கு ஒன்றரை லிட்டர், கோடையில் 3 லிட்டர். நிழலே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் பத்து மணிக்கு மேல் ஏறத் தொடங்குவது வீண் வம்பு. வெறும் தண்ணீர் போதாது; உப்புக் கடலையோ ஊறுகாய் சாதமோ கூட இருக்கட்டும்.

ஏறும்போது ஒன்றுமில்லை, இறங்கும்போது வழுக்குகிறது, கால் நகம் கறுத்துவிடுகிறது. ஏன்?

காய்ந்து இறுகிய தரைமேல் பொடிக்கல் உருளுகிறது. பயத்தில் உடம்பைப் பின்னுக்குச் சாய்த்துக் குதிகாலை ஊன்றினால் வழுக்கல் கூடும். முழங்காலை லேசாக மடக்கி, முழுப் பாதமும் பதிய, சின்னச் சின்ன அடியாக வையுங்கள். செங்குத்தான இடத்தில் ரோட்டின் அகலத்தைப் பயன்படுத்திக் குறுக்கும் மறுக்குமாக இறங்கலாம். நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய கைத்தடி இருந்தால் ஏறும்போது வைத்த நீளத்தைவிட 5 முதல் 10 செ.மீ. கூட்டுங்கள். நகம் கறுப்பதற்குக் காரணம், பாதம் முன்னால் சரிந்து விரல்கள் ஷூவில் முட்டுவது. உச்சியிலேயே லேஸை அவிழ்த்து, கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். விரல் பக்கம் தளர்வாக இருக்கட்டும். அடித்தட்டு தேய்ந்த ஜிம் ஷூவுக்கு இந்த மலை ஆகாது. மழை பெய்த மறுநாளும் வேண்டாம், களிமண் அப்பிக்கொள்ளும்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவுக்கு 64 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். அழைத்துப் போகலாமா?

முதலில் அவருடைய டாக்டரிடம் கேளுங்கள். சில பிரஷர் மாத்திரைகள் உடம்பின் நீரைக் குறைக்கும். டாக்டர் சரி என்றால், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் போங்கள். வாக்கியம் பாதியில் நின்றால் அவரும் நிற்க வேண்டும். நெஞ்சு இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் உட்காரவைத்து 911-ஐ அழையுங்கள். உச்சியைத் தொட்டே ஆகவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

பாம்பு உண்டா?

கிலுகிலுப்பைப் பாம்பு உண்டு, வெயில் காலத்தில் ரோட்டிலேயே படுத்திருக்கும். பார்த்தால் பின்வாங்கி வழிவிடுங்கள். கடித்தால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். மோதிரம், வாட்ச்சைக் கழற்றிவிட்டு 911-ஐ அழையுங்கள்.

மாடுகள்?

மேய்ச்சல் மாடுகள். பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே மட்டும் போகாதீர்கள். கேட்டைத் திறந்தால் மூடிவிட்டுப் போங்கள்.