அடிமைமுறை ஒழிந்த பிறகும் அமெரிக்கத் தெற்கில் வாரச் சாகுபடி (விளைச்சலில் பங்கு கொடுத்துப் பிறர் நிலத்தில் பயிரிடுவது) செய்த கறுப்பினக் குடும்பங்கள் ஏன் பண்ணையை விட்டுப் போகவில்லை?

சட்டப்படி போகலாம்தான், கடை பாக்கி விடாது. 1865-இல் விடுதலை கிடைத்தபோது பெரும்பாலோருக்கு நிலமில்லை, மாடில்லை, விதையில்லை. எல்லாம் பண்ணைக்காரர் தருவார். விளையும் பருத்தியில் பெரும்பாலும் பாதி அவருக்கு. சரி, மீதிப் பாதி? அங்கேதான் சூட்சுமம். சோளமாவு, உப்புப் பன்றிக்கறி, துணி எல்லாவற்றையும் பண்ணைக் கடையிலேயே பற்றெழுதி வாங்க வேண்டும். ரொக்க விலையைவிடக் கடன் விலை அதிகம். கணக்கு நோட்டு பண்ணைக்காரரிடம், பருத்தியை விற்பதும் பெரும்பாலும் அவரே. அறுவடை முடிந்து கணக்குப் பார்க்கையில் 'இன்னும் பாக்கி' என்றால் அவ்வளவுதான். பாக்கியோடு கிளம்பினால் ஷெரீஃப் (உள்ளூர்க் காவல் அதிகாரி) பிடித்து வரக்கூடும். கணக்கைக் காட்டச் சொன்னால் உயிருக்கே ஆபத்து.

கேட்டும் பார்த்தார்கள். ஆர்கன்சா மாநிலத்தின் எலெய்ன் என்ற ஊர் அருகே 1919 செப்டம்பர் 30 இரவு, சங்கம் கட்டிய வாரக்காரர்கள் பருத்திக்கு நியாயமான விலை கேட்பது பற்றித் தேவாலயத்தில் கூடினார்கள். வெளியே துப்பாக்கிச் சூடு. அடுத்த நாட்களில் வெள்ளைக் கும்பல்களும் ராணுவமும் சேர்ந்து கொன்ற கறுப்பர்கள் நூற்றுக்கு மேல் என்பது பல வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. மரண தண்டனையோ 12 கறுப்பர்களுக்கு! வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1925-க்குள் அவர்கள் வெளியே வந்தார்கள். கொன்ற வெள்ளையர் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.