மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் தலைவருக்கும் உறுப்பினர் செயலருக்கும் என்ன வித்தியாசம்? உறுப்பினர்கள் யார்?

1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவைப் பாருங்கள். தலைவர் பகுதிநேரமாகவும் இருக்கலாம்; உறுப்பினர் செயலர் முழுநேரம்தான். அதனால் அன்றாட நிர்வாகம் பெரும்பாலும் செயலர் கையில்தான்.

மற்றவர்கள்? அரசு அதிகாரிகள் ஐந்து பேர் வரை, உள்ளாட்சிப் பிரதிநிதிகள் ஐந்து பேர் வரை, அரசு நிறுவனங்களிலிருந்து இருவர். விவசாயம், மீன்வளம், தொழில், வணிகம் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றே இடம்! எனக்கு இது ரொம்பக் குறைவாகத்தான் படுகிறது. பதவிக்காலம் 3 ஆண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வாரியக் கூட்டம் நடக்க வேண்டும்.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் விற்கும் கம்பெனியில் பங்கு வைத்திருப்பவர் உறுப்பினராக முடியாது. நல்ல விதி.

தலைவர் தகுதிதான் நீண்டகாலச் சிக்கல். 'சிறப்பு அறிவு அல்லது அனுபவம்' என்று சட்டம் பொதுவாகச் சொல்லிவிட, பல மாநிலங்கள் இஷ்டத்துக்கு நியமித்தன. 2017 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், ஆறு மாதத்துக்குள் விதிமுறை வகுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.